கேன்சர் ஆராய்ச்சியில் எதற்கு முதலிடம்? நிபுணர்கள் முடிவு செய்வது எப்படி? எளிய விளக்கம்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். உடம்புக்கு ஏதோ சரியில்லை. பெரிய பரிசோதனை என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலத்துக்குப் போகணும். ரிசல்ட் வாங்க இன்னொரு தடவை. இரண்டு நாள் கூலி போச்சு! அவருக்கு முதலில் தேவை பல லட்சம் ரூபாய் மருந்தா, மலையிலேயே செய்யக்கூடிய எளிய பரிசோதனையா?

ஆராய்ச்சிக்கான பணத்தை எதில் போடுவது என்று ஒரு நாடு யோசிக்கும்போதும் இதே கேள்விதான் வருகிறது.

முன்னுரிமை ஏன் முக்கியம்?

2022-ல் இந்தியாவில் புதிதாக சுமார் 14.6 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது தேசியப் புற்றுநோய் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீடு. ஆனால், 2014 முதல் 2017 வரை உலகம் முழுவதும் வெளியான 694 மூன்றாம் கட்டப் புற்றுநோய் சிகிச்சை ஆய்வுகளில், ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகள் தலைமை தாங்கியது 8 சதவீதம் மட்டுமே. அதாவது, பெரும்பாலான கேள்விகளைக் கேட்பது பணக்கார நாடுகள்தான்.

'கருத்தொற்றுமை' என்றால் என்ன?

இதற்குப் பல வழிகள் உண்டு. அதிகம் பேசப்படுவது 'டெல்ஃபி' முறை. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் உருவாக்கியது. நிபுணர்களிடம் தனித்தனியாகக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். யார் என்ன சொன்னார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. மொத்தப் பதில்களைத் தொகுத்துக் காட்டி, மறுபடியும் மதிப்பெண் கேட்பார்கள். இப்படி இரண்டு, மூன்று சுற்று. சீனியர் சொல்லிட்டாரே என்று தலையாட்ட வேண்டியதில்லை என்பதுதான் இதன் பலம்.

பட்டியலில் என்ன வந்தது?

2022-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் சி.எஸ்.பிரமேஷ் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஐந்து முன்னுரிமைகளை வெளியிட்டனர். நோய் முற்றிய நிலையில் வருவோரைக் குறைப்பது, சிகிச்சை எளிதாகவும் கட்டுப்படியான செலவிலும் கிடைப்பது, செலவுக்கேற்ற பலன், தரத்தையும் நடைமுறைப்படுத்தலையும் பற்றிய ஆய்வு, தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது. புது மருந்து கண்டுபிடிப்பது தனித் தலைப்பாக இதில் இல்லை!

திண்டுக்கல் காட்டிய வழி

இப்படிப்பட்ட ஆராய்ச்சி பலன் தருமா? தந்திருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலேயே. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். வெள்ளையாக மாறும் இடம் சந்தேகத்துக்குரியது. சில நிமிடங்களில் முடிவு தெரியும். 2007-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட மரணங்கள் 35 சதவீதமும் குறைவாக இருந்தன.

எங்கே இடிக்கிறது?

நிபுணர்கள் ஒத்துப்போவது மட்டுமே ஆதாரம் ஆகிவிடாது. அது, எதை முதலில் ஆராயலாம் என்பதற்கான வழிகாட்டிதான். குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பட்டியலும் மாறும். பெருநகர மருத்துவர்கள் மட்டுமே உட்கார்ந்தால், சேர்வராயன் மலையின் பஸ் நேரமும் கூலி இழப்பும் அவர்கள் கண்ணில் படாமலே போகலாம். கிராம சுகாதார செவிலியரும், நோயைக் கடந்து வந்தவர்களும் அந்தக் குழுவில் இருக்கணும்.

அடுத்த முறை இப்படி ஒரு முன்னுரிமைப் பட்டியல் செய்தியாக வந்தால், அதில் என்ன இருக்கிறது என்பதோடு, யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்பதையும் பாருங்கள்.