நிலாத் தூசியும் 173 நாடாக்களும்

1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிலாவில் இறங்கிய அப்பல்லோ 11 வீரர்கள், திரும்பும்போது சில கருவிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அவற்றுள் ஒன்று, தீப்பெட்டி அளவே இருந்த தூசி உணர்கருவி. வடிவமைத்தவர் பிரையன் ஓ'பிரையன் என்ற ஆஸ்திரேலிய இயற்பியலாளர். சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் சிறிய தகடுகள் அதில் பொருத்தப்பட்டிருந்தன. தகட்டின்மேல் தூசி படியப் படிய மின்சாரம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் எவ்வளவு தூசி படிந்தது என்று தெரிந்துவிடும். யோசனை அவ்வளவுதான்.

அப்பல்லோ 12, 14, 15 பயணங்களிலும் இதே வகைக் கருவிகள் சென்றன. அவை ஆண்டுக்கணக்கில் அளவீடுகளைப் பூமிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த எண்கள் காந்த நாடாக்களில் பதிவாயின. ஒரு பிரதி அமெரிக்காவின் நாசாவிடம், இன்னொரு பிரதி ஓ'பிரையனிடம். பிறகு மனிதர்கள் நிலாவுக்குப் போவது நின்றது. தூசியைப் பற்றிக் கேட்பார் யாருமில்லை.

2006இல்தான் ஓ'பிரையனுக்கு ஒரு செய்தி எட்டியது. நாசாவிடம் இருந்த பிரதிகள் எங்கே போயின என்று தெரியவில்லை! மீண்டும் நிலாவுக்கு ஆள் அனுப்பத் திட்டம் போடும் நேரத்தில், அங்கே தூசி எப்படிப் படிகிறது என்று நேரடியாக அளந்த தரவு கைவசம் இல்லை. நல்லவேளையாக, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓ'பிரையனின் 173 நாடாக்கள் இருந்தன.

கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. 1960களின் நாடாக்களைப் படிக்க 1960களின் இயந்திரம் வேண்டும். குளிர்பதனப்பெட்டி அளவிலான பழைய ஐபிஎம் நாடா இயந்திரம் ஒன்றுக்காகக் கணினி அருங்காட்சியகத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. உங்கள் தாத்தா வைத்திருக்கும் பழைய ஒலிநாடாவை இன்று எதில் போட்டுக் கேட்பீர்கள்? அதே சிக்கல்தான்.

ஓ'பிரையனும் மோனிக் ஹாலிக் என்ற ஆய்வாளரும் அந்த அளவீடுகளை மறுபடி ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிலாவில் ஓராண்டில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் தூசி படிகிறது. ஒரு கூடைப்பந்துத் திடல் முழுவதும் கூட்டினால் ஆண்டுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு நிலாக் குடியிருப்பின் சூரிய மின்தகடுகள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைக் கணக்கிட இந்த எண் தேவை. ஒரு மனிதர் நாடாக்களைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால் கிடைத்த எண் இது.

எல்லாத் தரவுக்கும் ஓ'பிரையன் கிடைப்பதில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிம் வைன்ஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். தாவரங்களையும் விலங்குகளையும் அளந்து எழுதப்பட்ட 516 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள். கட்டுரைகளின் வயது 2 முதல் 22 ஆண்டுகள். எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, "நீங்கள் அளந்த எண்களைத் தர முடியுமா?" என்று கேட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் கட்டுரைகளுக்குத்தான் தரவு வந்து சேர்ந்தது. கட்டுரைக்கு ஒவ்வோர் ஆண்டு வயது கூடும்போதும், அதன் தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு 17 விழுக்காடு குறைந்துகொண்டே போனது. சிலருடைய மின்னஞ்சல் முகவரியே செத்துப்போயிருந்தது. சிலரிடம் தரவு இருந்தது, ஆனால் நெகிழ்வட்டில். அதைத் திறக்கக் கருவி இல்லை.

இங்கே திருடனும் இல்லை, தீவிபத்தும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆராய்ச்சி மாணவர் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறார், மடிக்கணினி பழுதாகிறது, பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், அவருடைய அறையைக் காலி செய்கிறார்கள். பொதுமக்கள் பணத்தில், பல ஆண்டு உழைப்பில் சேர்த்த எண்கள் இப்படிச் சத்தமில்லாமல் மறைகின்றன. கட்டுரை நூலகத்தில் பத்திரமாக இருக்கும். அதில் உள்ள வரைபடம் உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டிய எண்கள் இருக்காது. கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதி, செய்முறையைக் கிழித்துப் போட்டால் ஆசிரியர் மதிப்பெண் தருவாரா?

ஏழு புரதங்களில் தொடங்கிய வங்கி

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் உடலில் நடக்கும் ஏறக்குறைய எல்லா வேலைகளையும் செய்பவை புரதங்கள். ஒரு புரதம் என்ன செய்யும் என்பது அதன் வடிவத்தைப் பொறுத்தது. அந்த வடிவத்தைக் கண்டுபிடிக்க, புரதத்தைப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, சிதறும் புள்ளிகளிலிருந்து ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். 1960களில் ஒரு புரதத்துக்கே பல ஆண்டுகள் பிடித்தன. இத்தனை பாடுபட்டுக் கிடைத்த எண்களைச் சும்மா தூக்கிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆனாலும் 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் 'புரதத் தரவு வங்கி' தொடங்கப்பட்டது. வால்டர் ஹாமில்டன் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் அதில் இருந்தவை வெறும் ஏழு புரத வடிவங்கள். அணுக்களின் இருப்பிடங்களைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து வைத்த காலம் அது. ஓர் அணுவுக்கு ஓர் அட்டை என்றால், ஒரு சிறு புரதத்துக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள்!

பல ஆண்டுகள் வங்கி மெதுவாகத்தான் வளர்ந்தது. விரும்பினால் கொடுக்கலாம் என்ற நிலையில் பலர் கொடுக்கவில்லை. 1980களில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதைப் பற்றிச் சூடான விவாதம் நடந்தது. 1989இல் அனைத்துலகப் படிகவியல் ஒன்றியம் தரவை ஒப்படைப்பதற்கு நெறிமுறை வகுத்தது. அடுத்தடுத்து அறிவியல் இதழ்களும் கண்டிப்பு காட்டின. வடிவத்தை வங்கியில் போடாவிட்டால் கட்டுரையும் வெளிவராது. என் பார்வையில், அந்த வங்கியைக் காப்பாற்றியதில் கணினிக்கு இருக்கும் பங்கைவிட இந்தக் கண்டிப்புக்கு இருக்கும் பங்கு பெரியது.

நம்மவர் ஒருவருக்கும் இதில் இடம் உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று ஒரு வரைபடத்தில் காட்டினார்கள். புரதத் தரவு வங்கிக்கு வரும் வடிவங்களைச் சோதிக்கும்போது, 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் ஓர் உரைகல்லாகப் பயன்படுகிறது. நடக்கவே முடியாத கோணத்தில் புரதம் மடங்கியிருப்பதாகக் காட்டினால், சோதனை அறிக்கை அதைச் சுட்டிக்காட்டிவிடும். அதாவது, வங்கி வந்ததையெல்லாம் வாங்கிப் பூட்டி வைக்கும் அலமாரி அல்ல. வாங்குமுன் உரசிப் பார்க்கிறது.

2023இன் தொடக்கத்தில் வங்கியில் இருந்த வடிவங்கள் 200,000ஐத் தாண்டின. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே லண்டனின் டீப்மைண்ட் நிறுவனம், அப்போது இருந்த சுமார் 170,000 வடிவங்களைக் காட்டி ஒரு செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் நடத்தியிருந்தது. அதுதான் ஆல்ஃபாஃபோல்டு. அமினோ அமிலங்களின் வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தை முன்கூட்டியே சொல்லும். 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் பாதி, இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. 1971இல் அட்டையில் துளையிட்டவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு இப்படி ஒரு வேலைக்கு வரும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பல்கலைக்கழகத்தின் அலமாரி

புரதத்துக்குத் தனி வங்கி இருக்கிறது. சதுப்புநில நண்டுகளை எண்ணியவருக்கு? பேருந்து நிறுத்தத்தின் வெப்பத்தை ஓராண்டு அளந்தவருக்கு? இவர்களுக்காகவே பல்கலைக்கழகங்கள் தரவுக் களஞ்சியங்களை நடத்துகின்றன. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2017இல் இப்படி ஒன்றைத் திறந்தது. ஹார்வர்டில் உருவான 'டேட்டாவெர்ஸ்' என்ற மென்பொருளில் அது இயங்குகிறது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு நிலையம் நடத்தும் 'ஜெனோடோ' களஞ்சியத்தில் எந்த நாட்டு ஆய்வாளரும் கட்டணமின்றித் தரவைச் சேமிக்கலாம்.

கூகல் டிரைவில் போட்டுவிட்டு இணைப்பை அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இணைப்பு உடையும், கணக்கு மூடப்படும். களஞ்சியம் ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண்ணைத் தருகிறது. நம் அடையாள அட்டை எண்ணைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தோ பாயோவிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறினாலும் அந்த எண் மாறாது. அதே போலக் கோப்பு வேறு கணினிக்கு மாறினாலும், புது முகவரியைப் பதிவு செய்துவிட்டால் பழைய டிஓஐ அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அது முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஓர் இலக்கம் தவறாக எழுதப்பட்டால் எழுத்து பொருந்தாது. களஞ்சியங்களும் ஒவ்வொரு கோப்புக்கும் இப்படி ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைக்கின்றன. பத்தாண்டு கழித்து மறுபடி கணக்கிடும்போது அதே எண் வந்தால், கோப்பில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று நம்பலாம்.

இவற்றைவிடக் கடினமான பகுதி, தரவை விளக்கி எழுதுவது. ஒரு பத்தியில் 27.4, 28.1, 31.0 என்று இருக்கிறது. அது வெப்பமா, எடையா? நிழலில் அளந்ததா, வெயிலிலா? எழுதியவருக்குத் தெரியும், ஐந்து ஆண்டு கழித்து அவருக்கே மறந்துபோகும். அதனால்தான் தரவோடு 'ரீட்மீ' என்ற விளக்கக் கோப்பையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அதை எழுதப் பலருக்குச் சோம்பல் என்பது வேறு விஷயம்.

எந்த வகைக் கோப்பு என்பதும் முக்கியம். எக்செல் செய்த ஒரு குறும்பைச் சொல்லியாக வேண்டும். 'மார்ச்1', 'செப்ட்2' என்ற சுருக்கப் பெயர்களில் சில மனித மரபணுக்கள் இருந்தன. அவற்றை எக்செல்லில் தட்டினால், அது மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக மாற்றிவிடும்! மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்போது மென்பொருள் இறங்கி வரவில்லை, மரபணுக்கள்தான் இறங்கி வந்தன. 2020இல் அவற்றின் பெயர்களை மாற்றிவிட்டார்கள். எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாகத் தரவைக் கொடுங்கள் என்று களஞ்சியங்கள் கேட்பதற்குக் காரணங்கள் உண்டு. குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருள் நாளை இல்லாமல் போகலாம். ஓ'பிரையன் நாடா இயந்திரத்தைத் தேடியது நினைவிருக்கிறதல்லவா?

எல்லாவற்றையும் திறந்து வைக்க முடியாது. நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது. பெயரை நீக்கினால் போதும் என்பதும் இல்லை. வயது, வட்டாரம், அரிய நோய் மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே ஆள் யார் என்று ஊகித்துவிடலாம். அரிய விலங்குகள் வாழும் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் வேட்டைக்காரருக்கு வழிகாட்டியது போலாகும். இத்தகைய தரவைப் பூட்டி வைத்து, அனுமதி கேட்போருக்கு மட்டும் கொடுப்பார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் எல்லார் கண்ணிலும் படும்.

இன்னோர் அச்சமும் உண்டு: "நான் வெயிலில் அலைந்து சேர்த்ததை வைத்து வேறொருவர் பெயர் வாங்கிவிட்டால்?" குறிப்பாக இளம் ஆய்வாளர்களுக்கு இது நியாயமான கவலை. களஞ்சியங்கள் இதற்கு இரண்டு வசதிகள் தருகின்றன. குறிப்பிட்ட காலம்வரை தரவைத் திறக்காமல் வைத்திருக்கலாம். தரவுத் தொகுப்பையே, கட்டுரையைப் போல, சேகரித்தவர் பெயரோடு மேற்கோள் காட்டலாம். ஆனால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆளெடுக்கும்போது கட்டுரைகளை எண்ணும் அளவுக்குத் தரவுத் தொகுப்புகளை எண்ணுகிறார்களா? இன்னும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

புரதத் தரவு வங்கிக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டாம், கட்டணமும் இல்லை. அதன் இணையத்தளத்தின் தேடல் பெட்டியில் 4 என்ற எண்ணையும், இடைவெளி விடாமல் எச், எச், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் தட்டிப் பாருங்கள். மனித ஹீமோகுளோபின் திரையில் வரும். சுட்டியால் பிடித்துச் சுழற்றலாம். உங்கள் ரத்தத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் புரதத்தின் வடிவம் வங்கிக்கு வந்த ஆண்டு 1984.