முன்னாள் படைவீரர்களின் இதய மருத்துவர்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனி அரசு மருத்துவத் துறை இருக்கிறது. சுமார் 170 மருத்துவமனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளி மையங்கள், ஏறத்தாழ 90 லட்சம் பயனாளிகள். இங்குள்ள இதயநோய் நிபுணர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். எத்தனை ஆஞ்சியோ செய்தார், எத்தனை ஸ்டென்ட் வைத்தார் என்று எண்ணி அவருக்குப் பணம் வருவதில்லை. தனியாரைவிட வருமானம் குறைவுதான். ஆனால், 'இவருக்கு ஸ்டென்ட் அவசியமா?' என்று யோசிக்கும்போது பணம் குறுக்கே நிற்பதில்லை. மருத்துவருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் வேறில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதிலும் இத்துறைக்குப் பெரும் பங்குண்டு. கனடா மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய 'கரேஜ்' ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தும் நிலைமை மோசமாகாமல் இருந்த 2,287 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரைகளோடு ஸ்டென்ட் சிகிச்சை. மற்றதற்கு மாத்திரைகள் மட்டும். மரணத்திலும் மாரடைப்பிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, கடுமையான ரத்தக்கொதிப்பை மாத்திரையால் அடக்கினால் பக்கவாதம் போன்ற ஆபத்துகள் குறையும் என்று 1967-இல் நிறுவியவர் இத்துறையின் எட்வர்ட் ஃபிரைஸ். பொறியாளர் வில்சன் கிரேட்பேட்ச் உருவாக்கிய பேஸ்மேக்கரை 1960-இல் நோயாளியின் உடலுக்குள் பொருத்தியவர், பஃபலோ நகரில் உள்ள இத்துறை மருத்துவமனையின் மருத்துவர் வில்லியம் சார்டாக். 1946 முதலே இம்மருத்துவமனைகள் மருத்துவக் கல்லூரிகளோடு கைகோத்து இயங்குவதால், சிகிச்சையும் பாடமும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

நோயாளிகளில் பெரும்பாலோர் வயதான ஆண்கள். சர்க்கரை, நுரையீரல் நோய், போர் விட்டுச்சென்ற மன உளைச்சல் எல்லாம் இதயநோயோடு சேர்ந்தே வரும். எனவே, 'எங்கே பணியாற்றினீர்கள்?' என்பதும் இங்கே மருத்துவக் கேள்விதான். வியட்நாம் என்று பதில் வந்தால், போரின்போது அங்கே தெளிக்கப்பட்ட 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்ற களைக்கொல்லி நினைவுக்கு வரவேண்டும். அதற்கு ஆளானவர்களின் இதய ரத்தக்குழாய் நோயை, படைப்பணியால் வந்ததாக 2010 முதல் அரசு ஏற்கிறது. 2022 சட்டம் ரத்தக்கொதிப்பையும் சேர்த்தது. அப்படி ஏற்கப்பட்ட நோய்க்கு அரசிடம் உதவித்தொகை கோரலாம்; ஆனால் மருத்துவர் 'நெஞ்சுவலி' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் அதற்கு அது போதாது. எந்த நோய், எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதுவரை கோப்பில் தெளிவாக இருக்க வேண்டும்.

காத்திருப்புதான் இத்துறையின் பெருங்குறை. ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியலை மறைத்த விவகாரம் 2014-இல் நாட்டையே உலுக்கியது. 2018-இல் வந்த சட்டத்தை ஒட்டி வகுத்த விதிகளின்படி, நிபுணரைப் பார்க்க 28 நாளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய நேர்ந்தாலோ, அரசு செலவில் தனியாரிடம் போகலாம். தொலைவில் வாழ்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் வெளியே எடுத்த ஆஞ்சியோ படமும் மாற்றிய மாத்திரைகளின் விவரமும் உரிய நேரத்தில் திரும்பி வராவிட்டால், பல ஆண்டுக் கோப்பு பாதியில் அறுந்துவிடும். வெளியே அனுப்ப வழிசெய்தது சரியே; அதே அக்கறையோடு உள்ளே நிபுணர்களையும் நியமித்தாக வேண்டும்.