வேலையிடத்தில் பாலியல் தொல்லை: சந்தேகங்களும் விளக்கங்களும்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. இது ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கானது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆனால் சட்டத்தின் கதை கிராமத்தில் தொடங்கியது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய்க் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார் ராஜஸ்தான் கிராமத்துப் பெண் பணியாளர் ஒருவர். அதன் தொடர்ச்சியாக 1997-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்புதான் இந்தச் சட்டத்தின் வேர். தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்தவர் எல்லோரும் இதற்குள் வருவார்கள்.

சந்தேகம்: துணிக்கடையில் ஆறு பேர் வேலை செய்கிறோம். தொல்லை தருவதே முதலாளிதான். யாரிடம் போவது?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவென்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். முதலாளி மீதே புகார் என்றால் எத்தனை பேர் வேலை செய்தாலும் இந்தக் குழுதான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். எழுதத் தெரியாதவருக்குப் புகாரை எழுத உதவுவது குழுவின் கடமை.

சந்தேகம்: வீட்டு வேலை செய்பவருக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். அவருக்கு அந்த வீடுதான் பணியிடம். முகாந்திரம் இருந்தால் உள்ளூர்க் குழு புகாரை 7 நாட்களுக்குள் காவல் துறைக்கு அனுப்ப வேண்டும்.

சந்தேகம்: நடந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. இனிப் புகார் எடுப்பார்களா?

கெடு 3 மாதம். தொல்லை தொடர்ந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், அதைப் பதிவு செய்துகொண்டு குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அதனால் 'வேலை போய்விடும் என்று மிரட்டினார்', 'மனம் உடைந்து ஊருக்குப் போய்விட்டேன்' என்று உண்மைக் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு 3 மாதம் மிகக் குறுகிய கெடு. சட்டம் திருந்தும்வரை நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

சந்தேகம்: சாட்சி இல்லை. பொய்ப் புகார் என்று என் மேலேயே நடவடிக்கை எடுப்பார்களோ?

பலரும் வாய் திறக்காததற்கு இந்தப் பயமே காரணம். நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு புனைந்தார் என்பது தனி விசாரணையில் உறுதியானால்தான் நடவடிக்கை. பூட்டிய அறையில் நடந்ததற்கு யார் சாட்சி இருப்பார்? வாட்ஸ்அப் செய்தி, நேரங்கெட்ட நேரத்து அழைப்புகள், அன்றே தோழியிடம் சொன்னது, மறுத்த பிறகு ஷிப்ட் மாற்றப்பட்டது எல்லாம் குழுவின் முன் வைக்கத்தக்கவை. செல்போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.

சந்தேகம்: 'பேசி முடித்துக்கொள்' என்கிறார்கள்.

நீங்களாகக் கேட்டால் மட்டுமே சமரசம். பணம் கொடுத்து முடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

சந்தேகம்: விசாரணை முடியும்வரை அதே சூப்பர்வைசரின் கீழா வேலை செய்வது?

வேண்டியதில்லை. உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றவும், வழக்கமான விடுப்பு போக 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். பரிந்துரைத்தால் நிர்வாகம் நிறைவேற்றியே ஆக வேண்டும்.

சந்தேகம்: எங்கள் மில்லில் குழுவே இல்லை.

குழு அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் அதே குற்றம் என்றால் அபராதம் இரட்டிப்பாகும், உரிமமும் ரத்தாகலாம். குழு இல்லாததால் உங்கள் புகார் நின்றுவிடாது. உள்ளூர்க் குழுவுக்குக் கொண்டு போகலாம்.

சந்தேகம்: போலீசுக்கும் போகலாமா?

தாராளமாக. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 75-வது பிரிவின்படி பாலியல் துன்புறுத்தல் குற்றம். குழு 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.