கட்டம் தாண்டாத பிழை

லாஸ் ஏஞ்சலஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் டுஹங்கா வாஷ் என்றொரு வெள்ள வடிகால் இருக்கிறது. முன்பு ஆறாக ஓடியதை ராணுவப் பொறியாளர்கள் கான்கிரீட் வாய்க்காலாக்கிவிட்டார்கள். அதன் பக்கச் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு, 13 அடி உயரத்துக்கு, கலிஃபோர்னியாவின் கதை தீட்டப்பட்டிருக்கிறது. ஆதிகால விலங்குகளில் தொடங்கி 1950கள் வரை வருகிறது. 'லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்' என்று பெயர். ஓவியர் ஜூடித் பாக்கா 1976 கோடையில் இதைத் தொடங்கியபோது உடன் வந்தவர்கள், சிறார் நீதித்துறை வழியாக அனுப்பப்பட்ட 80 இளையோர். 1983 வரை ஐந்து கோடைகளில் 400 பேருக்கு மேல் இதில் கை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதற்குமுன் சுவரோவியத் தூரிகையைத் தொட்டவர்கள் அல்ல.

பழகாத இத்தனை கைகள் சேர்ந்தால் படம் கோணல்மாணலாகத்தானே போக வேண்டும்? போகவில்லை. காரணம் ஒரு எளிய வடிவியல்.

முதலில் தாளில் சிறிதாக வரைந்த ஓவியத்தின்மேல் கட்டங்கள் போடுகிறார்கள். சுவரிலும் அதே எண்ணிக்கையில், கொத்தனார் நூல் அடிப்பதுபோல் சாயம் தோய்ந்த கயிற்றை இழுத்துச் சுண்டிக் கட்டங்கள் போடுகிறார்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி என்று வைத்துக்கொண்டால், படம் 12 மடங்கு நீள்கிறது. பரப்போ 144 மடங்காகிறது. தாளில் ஒரு மில்லிமீட்டர் தடித்த பென்சில் கோடு சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிடும். கட்டமில்லாமல் இதைக் கையால் பெரிதாக்கினால் குதிரையின் கழுத்து அரை அடி நீண்டுபோகும். அதற்கேற்ப உடல் நகரும். உடலுக்கேற்ப அடுத்திருக்கும் ஆள் நகர்வார். பிழை வட்டிபோல் ஏறிக்கொண்டே போகும்.

கட்டம் இந்த வட்டியை ரத்து செய்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் கோடு எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்பது சிறிய படத்திலேயே முடிவாகிவிட்டது. உள்ளே ஒரு பதினைந்து வயதுப் பெண் எவ்வளவு தடுமாறினாலும் அந்தத் தடுமாற்றம் பக்கத்துக் கட்டத்துக்குப் போகாது. அவளுக்குக் குதிரை வரையத் தெரிய வேண்டியதில்லை. இடப்பக்கம் பாதி உயரத்தில் நுழையும் கோடு, மேல்விளிம்பில் கால்வாசி தூரத்தில் வெளியேறுகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். வரையக் கற்றுக்கொடுப்பதில் பாதி, பெயரை மறந்துவிட்டு வடிவத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் என்பது என் எண்ணம். கட்டம் அதை அறிவுரை இல்லாமலே செய்துவிடுகிறது.

பாக்கா 1977இல் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகருக்குப் போய், மறைந்த சுவரோவியர் சிக்கெய்ரோஸின் பட்டறையில் பயின்றார். சுவர்ப்பரப்பை இசை விகிதங்களில் பிரிக்கும் முறையை அங்கே கற்றுக்கொண்டார். அந்த விகிதங்களைப் பிடிக்க அளவுநாடாகூட வேண்டாம். எந்தச் செவ்வகத்திலும் மூலைவிட்டங்கள் இரண்டும் வெட்டும் இடம் சரிபாதி. கீழ் வலமூலையிலிருந்து மேல்விளிம்பின் நடுப்புள்ளிக்கு ஒரு கயிறு இழுத்தால், அது மற்ற மூலைவிட்டத்தை மூன்றில் இரண்டு பங்கில் வெட்டும். தந்தியைப் பாதியில் அழுத்தினால் மேல் சட்ஜம், மூன்றில் இரண்டு பங்கு ஒலித்தால் பஞ்சமம். காதுக்கு இசைவான அதே விகிதங்களில் உருவங்களை நிறுத்துகிறார்கள். கண்ணுக்கும் அது இசைவாக இருக்குமா என்பதை நிரூபிப்பது கடினம். ஆனால் அரை மைல் நீளச் சுவரில் பார்வை தடுக்கி நிற்காமல் போக ஏதோ ஒரு தாளம் வேண்டும். அதை இது தருகிறது.

வண்ணத்தில் வேறு சிக்கல். அக்ரிலிக் வண்ணம் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துகள்களும் நிறமியும். தண்ணீர் ஆவியாக ஆகத் துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. ஈரத்தில் அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வண்ணம் பால் கலந்ததுபோல் வெளிறித் தெரியும், காய்ந்தால் கருத்துவிடும். ஆகவே நேற்றைய நீலத்தோடு இன்றைய நீலம் சேர்கிறதா என்று பார்க்க, ஒரு துளி தடவிக் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்கார வயதில் இருப்பவர்களுக்கு இது சுலபமில்லை. கோடை வெயிலில் கான்கிரீட் சுட்டுக்கொண்டிருக்கும்போது பட்டை இழுத்து முடிப்பதற்குள் ஓரம் காய்ந்து, அடுத்த இழுப்பு திட்டாகத் தெரியும். மழைக்காலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலை செய்யும் இடமே வெள்ளம் ஓடும் பாதை.

ஒரு சலுகையும் உண்டு. சாதாரணக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைவிடச் சிறிய இடைவெளியைப் பிரித்தறிய முடியாது. 30 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு இது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதற்குக் குறைவான பிசிறு, நடுக்கம் எல்லாம் தூரத்தில் கரைந்துபோகும். சுவருக்கு மூக்கை ஒட்டி வைத்து ஓர் இமைமுடியோடு மல்லுக்கட்டும் பையனை ஆசிரியர் எதிர்க்கரைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினால் போதும்.

எதை வரைவது என்பதற்குக் கட்டம் உதவாது. அதற்கு வரலாற்று அறிஞர்கள் வந்து பேசினார்கள். 1930களில் மெக்சிகோ வம்சாவளியினர் நாடுகடத்தப்பட்டது, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டது, லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ராவைன் பகுதிக் குடியிருப்புகள் காலிசெய்யப்பட்டது எல்லாம் சுவருக்கு வந்தன. வேறுவேறு இனத்தவர் வாழும் பேட்டைகளின் பிள்ளைகள் அருகருகே நின்றார்கள். பாக்காவுக்கு இது புதிதல்ல. 1970இலேயே நான்கு வெவ்வேறு தெருக்கும்பல்களைச் சேர்ந்தவர்களைக் கூட்டி, ஹாலன்பெக் பூங்காவில் ஒரு பாட்டியின் உருவத்தை வரைந்தவர் அவர். இதைச் சீர்திருத்தக் கதையாகச் சொல்லிப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, பொது விளிம்பு என்ற தொழில்நுட்பக் கட்டாயம்: என் கட்டத்திலிருந்து வெளியேறும் கோடு உன் கட்டத்தில் அதே புள்ளியில் நுழைய வேண்டுமென்றால், நாம் இருவரும் பேசியே ஆக வேண்டும்.

இன்று பல ஊர்களில் சாரம் ஏறாமலே சுவரோவியம் செய்கிறார்கள். ஃபிலடெல்பியாவில் 1984இல் சுவர்க்கிறுக்கல் தடுப்பு முயற்சியின் பகுதியாகத் தொடங்கிய அமைப்பு, நெய்யப்படாத மெல்லிய பாலியஸ்டர் துணித் துண்டுகளில் கோடுகளைப் பதித்து, வண்ண எண்களோடு அனுப்புகிறது. பள்ளி மேசையிலும் சிறைக்கூடத்திலும் தீட்டிய துண்டுகள், அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டப்படுகின்றன. வண்ணமும் பசையும் ஒரே வகைப் பாலிமர் என்பதால் துணி சுவரோடு ஒன்றிவிடுகிறது. உயரம் ஏற முடியாதவர்களும் இதில் சேரலாம். அது பெரிய லாபம். எதிர்க்கரையில் நின்று பார்க்கும் சோதனை மட்டும் மேசைமேல் நடக்காது. அதற்குத் துணியை எங்காவது தொங்கவிட்டுப் பின்னோக்கி நடந்துதான் ஆக வேண்டும்.