ஸ்டவ்வுக்கும் கற்பூரம் வேண்டும்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் யாரும் கீழே பார்ப்பதில்லை. எல்லோருடைய கண்ணும் 2,668 அடி உயர மலையின் உச்சியில்தான். அங்கே ஆள் உயரக் கொப்பரை. அதற்கு நெய் 3,500 கிலோ, திரிக்குக் காடாத் துணி 1,000 மீட்டர் என்று பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லி வருகிறார்கள். சில ஆண்டுகளில் அதற்கு மேலும் போவதுண்டு. பருவதராஜ குலத்தார் பரம்பரை உரிமையோடு தீபம் ஏற்றுகிறார்கள். பதினொரு நாள் அந்தச் சுடர் நிற்கும்.

இத்தனை நெய்யும் துணியும் இருக்க, கற்பூரம் எதற்கு என்று நீங்கள் யோசித்ததுண்டா?

கார்த்திகைக் குளிரில் நெய் உறைந்து கிடக்கும். அதில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் அணைவது குச்சிதான். கற்பூரத்தின் குணம் வேறு. டப்பாவைத் திறந்து வைத்தாலே காற்றோடு காற்றாகக் கரைந்துபோகும் பண்டம் அல்லவா? நெருப்பைக் காட்டியதும் பற்றிக்கொள்கிறது. அந்தச் சூட்டில் துணியில் ஊறிய நெய் உருகி, கொதித்து, ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. 'எண்ணெய் எரிகிறது' என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு. மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் சிறுவர்களுக்காக நடத்திய சொற்பொழிவுகளில், எரியும் மெழுகுவத்தியின் சுடருக்குள் வளைந்த கண்ணாடிக் குழாயை நுழைத்து, மறு முனையில் வந்த ஆவியைத் தனியாகக் கொளுத்திக் காட்டினார்.

இந்த விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், நம் வீட்டு மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்டவ்வின் சூட்சுமம் முக்கால்வாசி கைவந்த மாதிரிதான். எரிவாயு வந்தபின் அது பெரும்பாலான வீடுகளில் பரண் ஏறிவிட்டது, வாஸ்தவம். ஆனால் நடு ராத்திரியில் சிலிண்டர் தீர்ந்து, குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டுமென்றால் பரணைத்தானே பார்க்கிறோம்? பழக்கம் விட்டுப்போன கை பம்பைத் தொடும்போதுதான் ஆபத்து.

ஸ்டாக்ஹோமில் 1892-ஆம் ஆண்டு லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய 'பிரைமஸ்'தான் இந்த ஜாதி அடுப்புகளின் மூதாதை. அடியில் ஒரு பித்தளைத் தொட்டி. பம்பு அடித்தால் உள்ளே அடைபட்ட காற்று எண்ணெயை மேலே தள்ளுகிறது. எண்ணெய் பர்னரின் சூடான குழாய்க்குள் சுற்றி வந்து ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துவாரம் வழியே சீறிப் பாய்ந்து, போகிற போக்கில் காற்றையும் இழுத்துக்கொண்டு நீலமாக எரிகிறது. எரியத் தொடங்கிவிட்டால் தன் குழாயைத் தானே காய்ச்சிக்கொள்ளும். முதல் தடவை காய்ச்ச மட்டும் வேறொரு நெருப்பு வேண்டும். பர்னரின் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் ஊற்றும் ஸ்பிரிட்தான் அது; ஸ்டவ்வின் கற்பூரம்!

திருவண்ணாமலை தேரடித் தெருவில் எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர் இருந்தார். புதிதாக வந்த மருமகளுக்கு அவர் ஸ்டவ் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா, ஸ்பிரிட் எரிஞ்சு அடங்கட்டும். அதுக்குள்ள பம்பைத் தொடாதே."

"அணைஞ்சிடும் போல இருக்கே அத்தே!"

"அணையப் போற நேரத்துல திருகை மூடி நாலு அடி அடி. போதும். அதுவா பிடிச்சுக்கும்."

அதாவது, பற்றவைக்கும்போது காற்றுத் திருகு திறந்தே இருக்க வேண்டும். ஸ்பிரிட் தீரும் தறுவாயில் மூடி, மெதுவாக நாலைந்து அடி. நீலச் சுடர் வட்டமாக நின்றபின் வேண்டிய அளவுக்குக் காற்றைக் கூட்டலாம். பெரியம்மாவின் பாடம் இவ்வளவே. ஆனால் காலை அவசரத்தில் இந்த இரண்டு நிமிஷத்தைப் பொறுக்க எத்தனை பேரால் முடிந்தது?

பொறுக்காவிட்டால் குளிர்ந்த குழாய் வழியே எண்ணெய் எண்ணெயாகவே வந்துவிடும். மஞ்சள் தீ முழங்கால் உயரம் எழும்பும். பயந்துபோய் மேலும் பம்பு அடித்தால் மேலும் எண்ணெய் கொட்டும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு காற்றுத் திருகைத் திறந்துவிடுவது. காற்று இறங்கினால் எண்ணெயும் நிற்கும். ஆறவிட்டு, மறுபடி ஸ்பிரிட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நிப்பிளில் அடைப்பு. பின் போட்டுக் குத்த வேண்டும். பம்பு லொடலொடவென்று பிடிமானமில்லாமல் போனால் தோல் வாசர் காய்ந்துவிட்டது; கழற்றி நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு நீவினால் சரியாகும். பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் சூடு போதவில்லை அல்லது காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். அண்ணாமலையார் தீபத்தின் மையை ஆருத்ரா தரிசனத்துக்குப் பின் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். ஸ்டவ் மைக்கு அந்தப் பெருமை கிடையாது!

எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றவே கூடாது. அணைத்து, ஆறிய பிறகு, முக்கால் தொட்டிக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும். எண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தால் அது எமன். மண்ணெண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ளச் சுமார் 35, 40 டிகிரி சூடாவது வேண்டும். பெட்ரோலுக்கோ உறைபனிக் குளிரே போதும்.

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம்' என்று ஒரு காலத்தில் பத்திரிகைகளில் அடிக்கடி நாலு வரிச் செய்தி வரும். படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோம். அவற்றில் நிஜ விபத்துகளும் உண்டு. ஆனால் எத்தனை வீடுகளில் ஒன்றும் அறியாத ஸ்டவ்வின் தலையில் பழி போடப்பட்டது! அதே அடுப்பு மாமியாருக்கும் நாத்தனாருக்கும் வெடிக்காமல் மருமகளுக்கு மட்டும் வெடித்த மர்மத்தைப் பெண்கள் அமைப்புகள் உரக்கக் கேட்டன. கலியாணமாகி ஏழு வருஷத்துக்குள் தீக்காயத்தாலோ சந்தேகமான முறையிலோ ஒரு பெண் இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சிணைக் கொடுமை நடந்ததும் தெரிந்தால், அதை வரதட்சிணை மரணமாகவே கொள்ள வேண்டும் என்று 1986-ல் சட்டம் வந்தது. அடுப்பைப் பற்றி எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் எழுதியவனாவான்.

தவறித் தீப்பிடித்துவிட்டால் ஓடக் கூடாது. தரையில் படுத்துப் புரள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனத்த பருத்திப் போர்வையால் சுற்றி அமுக்கலாம். நைலான் போர்வை வேண்டாம். பிறகு சுட்ட இடத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் இருபது நிமிஷம் விழட்டும். ஐஸ் கூடாது. நம் வீடுகளில் கைக்கு அகப்பட்ட இங்க்கையும் இட்லி மாவையும் பூசுவார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் அதைக் கழுவத்தான் பாடுபட வேண்டியிருக்கும்.