வலைஞர் குடியின் மது

பழமும் மலரும் சேர்த்துச் சிற்றளவில் வடிக்கப்படும் பியர் இன்று பெருநகரங்களில் புதுமையெனப் போற்றப்படுகின்றது. ஆயின், தானிய மது தமிழ் உழைப்பாளர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் அது ஆக்கப்பட்ட முறையைப் படிப்படியாகக் கூறுகின்றது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, இடித்த நெல்முளை கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவர். பாணர்க்குச் சுட்ட மீனுடன் அளிப்பர். முளையிலுள்ள நொதியம் மாப்பொருளைச் சருக்கரையாக்க, மதுவம் அதனை மதுசாரமாக்குகின்றது. வாற்கோதுமைப் பியரின் அடிப்படையும் இதுவே.

புத்தளம் மாவட்டத்து உச்சமுனையின் மீனவரொருவர் இன்று தம் வீட்டில் இவ்வாறு வடிப்பின் குற்றவாளியாவார். காலனிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம், உரிமமின்றி மது ஆக்குவதைத் தடுக்கின்றது. உரிமமோ மூலதனமுடையார்க்கே எட்டுவது. மதுவினால் உழைக்கும் குடும்பங்களுக்கு நேரும் கேட்டை யாம் மறுக்கவில்லை. எனினும், ஒரே செயலை ஒருவர்க்குக் கலையாகவும் மற்றொருவர்க்குக் குற்றமாகவும் ஆக்குவது உற்பத்தி உறவே என்பது நோக்கற்பாலது. வலைஞரின் தொழிலறிவை இலக்கியம் பதிந்து வைத்துள்ளது. அதனை உழைப்பின் வரலாறாகப் படிப்பது நம் கடன்.