‘கே’ அடித்தால் ‘2’ வருதா? லேப்டாப் கீபோர்டை மாற்றும் முன் இதைப் பாருங்க!

ஆன்லைனில் விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போட்டால் ‘தவறு’ என்கிறது. மறுபடி போட்டாலும் அதே கதை. அம்பத்தூரோ, ஆவடியோ, பூந்தமல்லியோ, ‘கீபோர்டு போச்சு’ என்று சர்வீஸ் கடைக்கு ஓடுவதுதான் பலரது வழக்கம். ஆனால் எழுத்து மாறி மாறி விழுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கீபோர்டை இல்லை, செட்டிங்கை.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது, ஆவடியைத் தாண்டி திருவள்ளூர் பக்கத்தில் இருக்கும் காக்களூரில்தான். அந்தக் காலத்துச் சின்ன லேப்டாப்கள் பலவற்றில் எண்களுக்குத் தனி இடம் கிடையாது. எழுத்து பட்டன்களுக்குள்ளேயே எண்கள் ஒளிந்திருக்கும். ‘நம் லாக்’ தெரியாமல் ஆன் ஆகிவிட்டால், ஜே, கே, எல் அடிக்கும்போது 1, 2, 3 விழும். யு, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6. பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தெரிவதால் இது கண்ணில் படாது. பாஸ்வேர்டு பெட்டியில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுவிடும். ‘நம் லாக்’ பட்டனையோ, ‘எஃப்என்’ பட்டனோடு சேர்த்தோ அழுத்தினால் சரியாகிவிடும்.

ஆங்கிலம் அடித்தால் தமிழ் வருதா?

விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ‘ஹெச்’ அடிக்கும்போது ‘க’ வந்தால் அது தமிழ்99 விசைப்பலகை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது. அதே பட்டனில் ‘ப’ வந்தால் அது இன்ஸ்கிரிப்ட். தமிழ் டைப்பிங் தெரியாதவர் வீட்டு லேப்டாப்பில் இது தானாகத் தாவி நின்றால், பேய் பிடித்த மாதிரிதான் இருக்கும்!

இமெயில் முகவரியில் ‘அட்’ குறி போட்டால் இரட்டை மேற்கோள் குறி விழுகிறதா? கீபோர்டு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழி செட்டிங்கில் போய் ‘ஆங்கிலம் - இந்தியா’ என்று மாற்றிவிடுங்க.

லேசாகத் தட்டினால் எழுத்தே விழாமல், அழுத்திப் பிடித்தால் மட்டும் விழுகிறதா? வலது பக்க ஷிப்ட் பட்டனை 8 விநாடி அழுத்தினால் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதி கேட்கும். படிக்காமல் ‘எஸ்’ கொடுத்திருப்போம். அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் அதை ஆஃப் செய்தால் போதும்.

நிஜமாகவே கீபோர்டு போயிருந்தால்?

பக்கத்து வீட்டில் ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கிச் செருகிப் பாருங்க. அதில் சரியாக வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு கீபோர்டில்தான். ஆனால் முதலில் ‘நம் லாக்’கைப் பார்த்துவிட்டு இதைச் செய்யணும், இல்லாவிட்டால் இந்தச் சோதனையே ஏமாற்றிவிடும்.

ஒரே ஒரு பட்டன் மட்டும் மக்கர் செய்தால் உள்ளே தூசி போயிருக்கலாம், சுத்தம் செய்து பார்க்கலாம். சம்பந்தமே இல்லாத நாலைந்து பட்டன்கள் ஒரே நேரத்தில் செத்துப்போனால் கதை வேறு. கீபோர்டுக்குள் பட்டன்கள் வரிசை வரிசையாக ஒரே மின்கோட்டில் இணைந்திருக்கும். ஒரு கோடு அறுந்தால் அதிலுள்ள எல்லாமே போகும். துடைத்துப் பிரயோஜனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

டீ கொட்டிவிட்டதா? உடனே ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றுங்க. ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஆன் செய்யும்போதுதான் ஷார்ட் ஆகி மதர்போர்டு போகிறது. தண்ணீரைவிட டீ மோசம், சர்க்கரை பட்டனுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். அரிசி மூட்டைக்குள் வைத்தால் அது போய்விடாது.

கீபோர்டின் நடுப்பகுதி மேலே புடைத்திருந்தாலோ, டச்பேட் தூக்கிக்கொண்டு அழுத்தவே முடியாமல் இருந்தாலோ, அடியில் பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க. யூடியூப் வீடியோ பார்த்து நீங்களே திறக்கவும் வேண்டாம். இதுக்கு மட்டும் நேராக சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும்.